பாசி என்று சொல்லலாமா?

2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னையின் திருவான்மியூர், பெசன்ட் நகர் கரைகளில் அலைகள் நீல ஒளி வீசின. மறுநாள் செய்திகள் அதனை 'ஒளிரும் பாசி' என்றன. அடுத்த சில வாரங்களில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி, செத்த மீன்கள் கரை ஒதுங்கின. அப்போதும் பழி பாசியின் மீதே விழுந்தது. மன்னார் வளைகுடா மீனவர்கள் இதனைப் பூங்கோரை என்பர். நீரில் பூத்துப் படர்வதைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. அதன் பின்னால் 'பாசி' என்பதை ஒட்டவைத்து எழுதுவோரோடுதான் வழக்கு.

இரண்டிடத்தும் ஆய்வாளர் சுட்டிய உயிரி நாக்டிலூகா சின்டில்லன்ஸ். ஒற்றைச் செல்தான், ஆயினும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை வளர்வதால், உற்று நோக்கினால் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஊறிய ஜவ்வரிசி போன்ற உடல். அதிலிருந்து வால் போல நீளும் ஓர் உறுப்பு. தனக்கென்று பச்சையம் கிடையாது. டயாட்டம் முதலிய மிதவையுயிரிகளையும், அகப்பட்டால் மீன் முட்டையையும் விழுங்கியே அது பிழைக்கிறது. இவ்வகை உண்ணலைக் கடலியலார் மேய்ச்சல் என்றே குறிக்கின்றனர். பொருத்தமான சொல். தமிழில் மேய்தல் ஆடுமாடுகளுக்கு மட்டும் உரியதன்று. வாத்தும் மேயும், மீனும் மேயும்.

மன்னார் வளைகுடாவில் கடலைப் பச்சையாக்கும் வகை இன்னும் வியப்புக்குரியது. அது ஆயிரக்கணக்கான நுண்பச்சை உயிரிகளைத் தன் உடலுக்குள் குடிவைத்துக்கொள்கிறது. அவை வெயிலில் ஆக்கும் உணவில் பங்கு பெறுகிறது. அதனோடு நிறைவடைந்து மேய்ச்சலை விட்டுவிடுகிறதா என்றால், இல்லை. ஒரே உடலில் உழவும் வேட்டையும்! இதனைத் தாவரம் என்பதா, விலங்கு என்பதா?

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுத்ததேயன்றி, தாவரம், விலங்கு என்று இரண்டாகக் கிழிக்கவில்லை என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. நுண்ணோக்கி அறியாத காலத்து நூலை இன்றைய அறிவியலுக்குச் சான்றாக நிறுத்தும் வேலை நமக்கு வேண்டாம். அலை தொட்டால் ஒளிரும் இவ்வுயிருக்கு அவர் ஓரறிவேனும் தந்திருப்பார் என்று சொல்லிக்கொள்வதோடு நிற்போம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. பாசி என்றதும் படிப்பவர் மனம் குளத்துப் பாசிக்குப் போய்விடுகிறது; மீன் செத்தது பாசியின் நஞ்சால் என்று முடிவு கட்டிவிடுகிறது. நாக்டிலூகா நஞ்சு சுரப்பதாகத் தெரியவில்லை. அதன் உடலுக்குள் அம்மோனியா மிகுதியாகச் சேர்கிறது. கூட்டமாகப் பெருகி மடியும்போது அது நீரில் கலக்கிறது; அழுகும் உடல்கள் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இவ்வாறே நாக்டிலூகா பெருகி மீன்கள் மடிந்தன. மேய்வது என்று அறிந்தால் அடுத்த கேள்வி தானே எழும்: இத்தனை மேய்ச்சலுக்கு இரை எங்கிருந்து வந்தது? உரச்சத்தும் கழிவும் மிக்க நீர் கடலை அடைந்தால் டயாட்டங்கள் பெருகும்; அவை பெருகினால் மேய்பவையும் பெருகும்.

மீன்சுருட்டியில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் நகைக்கலாம். ஊர்ப்பெயரில்தான் மீன் இருக்கிறது, கடல் இல்லை. ஆனால் நமக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம் வங்கக் கடலில்தான் சேர்கிறது. வயலில் இட்ட யூரியாவின் மிச்சம் போகும் திசையும் அதுதான். மேற்கே அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையோ பழங்கடலின் எச்சம். கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. இழை போன்ற பொய்க்கால்களை நீட்டி நுண்ணுயிர்களைப் பிடித்துண்ட ஃபோராமினிஃபெராக்களின் ஓடுகள் அப்பாறைகளில் கிடைக்கின்றன. அவையும் ஒற்றைச் செல்கள்தாம், அவையும் மேய்ந்தவைதாம். அவை கிடந்த மண்ணை வெட்டிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

'மேய்நுண்ணுயிர்' என்ற சொல்லை முன்வைக்கிறோம். ஓசை போதாது என்பார் வேறொன்று தரட்டும். அதுவரை நாக்டிலூகா என்றே எழுதினாலும் குறைவில்லை.