முழம்கூட இல்லாத ரயில் பாதை

குழந்தை இருக்கும் வீட்டில் பொம்மை ரயில் ஒன்று இல்லாமல் இராது. வருஷம் முழுவதும் அது அலமாரிக்கு அடியில் தூங்கும். நவராத்திரி வந்தால், கொலுப் படிக்குக் கீழே மணல் கொட்டிப் போட்ட 'பார்க்'கைச் சுற்றிச் சுற்றி ஓடும். அதைப் பார்த்து, "அம்மா, இதிலே நான் ஏறிக்கட்டுமா?" என்று கேட்காத குழந்தை உண்டா? "அசடு! பொம்மை ரயிலில் மனுஷர் ஏறுவார்களோ?" என்று பதில் சொல்லாத தாயார்தான் உண்டா?

ஏறுவார்கள், நேயர்களே! டிக்கெட் வாங்கிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு, குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். எங்கே என்கிறீர்களா? இந்த வாரம் அங்கேதான் உங்களை அழைத்துப் போகப் போகிறேன். செலவில்லாத பிரயாணம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கெண்ட் என்று ஒரு பிரதேசம். அதன் கடலோரத்தில் ஹைத் என்ற ஊரில் புறப்பட்டு, டிம்சர்ச், நியூ ராம்னி வழியாக டஞ்சனஸ் என்ற கூழாங்கல் முனை வரையில் பதின்மூன்றரை மைல் தூரம் ஒரு ரயில் ஓடுகிறது. ஊர்ப் பெயர்களையே சேர்த்து 'ராம்னி, ஹைத் அண்டு டிம்சர்ச் ரயில்வே' என்று அதற்கு நாமகரணம். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலம் எவ்வளவு தெரியுமா? 15 அங்குலம்! பூக்காரி போடும் முழம் எத்தனை அங்குலம் என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். கணக்குப் புத்தகத்தின்படி முழத்துக்கு 18 அங்குலம். ஆக, இந்தப் பாதை ஒரு முழம்கூட இல்லை.

என்ஜின்களும் அதற்கேற்ற அளவுதான். பெரிய ரயில் என்ஜினை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தவை. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால், ஆளின் தலை புகைபோக்கிக்கு மேலே தெரியும். ஆனால் உள்ளே எல்லாம் நிஜம். நிஜமான கொதிகலன், நிஜமான நிலக்கரி, நிஜமான நீராவி. பெரிய என்ஜினில் ஓட்டுகிறவர் ஒருவர், கரி போடுகிறவர் ஒருவர் என்று இரண்டு பேர் இருப்பார்கள். இங்கே இரண்டாவது ஆளுக்கு இடம் ஏது? ஒரே ஆள் தாழ்வாக உட்கார்ந்துகொண்டு, கரியும் போட வேண்டும், வண்டியும் ஓட்ட வேண்டும், முன்னால் பாதையையும் பார்க்க வேண்டும். ஒரு கையால் தாளித்து, இன்னொரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் பால்காரர் குரலுக்கும் காது கொடுக்கும் நம் பெண்களுக்கு அந்த வித்தையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

சாதாரண நாளில் போனால் இரண்டு மூன்று என்ஜின்களைப் பார்க்கலாம். ஆனால் வருஷத்தில் சில சனி ஞாயிறுகளில் இதுபோன்ற சின்ன ரயில் பாதைகளில் 'காலா' என்று ஒரு வைபவம் நடத்துகிறார்கள். நீராவித் திருவிழா என்று வைத்துக்கொள்ளுங்களேன். உற்சவத்தின்போது மூர்த்திகள் எல்லாரும் வீதிக்கு எழுந்தருளுவது போல, அன்று ஓடக்கூடிய என்ஜின்கள் அத்தனையும் நெருப்பு மூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இதே 15 அங்குலப் பாதை உள்ள வேறு ஊர்களிலிருந்து விருந்தாளி என்ஜின்கள் லாரியில் ஏறி வந்து இறங்கும். காலையிலிருந்து மாலை வரை வண்டிக்கு மேல் வண்டி. ஒரே வண்டிக்கு இரண்டு என்ஜின் பூட்டி ஓட்டுவார்கள். ஹைத்துக்கும் நியூ ராம்னிக்கும் நடுவே இரட்டைப் பாதை. அதில் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் ஓட விடுவதும் உண்டு. இந்தப் பெட்டிக் குழந்தையும் அந்தப் பெட்டிக் குழந்தையும் கை ஆட்டிக்கொண்டே போவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

என்ஜின்களின் பெயர்களும் அழகு. 'ஹெர்க்குலிஸ்', 'சாம்ஸன்' என்று இரண்டு பயில்வான்கள். 'டைஃபூன்', 'ஹரிகேன்' என்று இரண்டு சூறாவளிகள். இவர்களுக்கெல்லாம் மூத்தவள் 1925-ல் பிறந்த 'க்ரீன் காடஸ்'. தமிழில் சொன்னால் பச்சையம்மன்தான்!

திருவிழாவைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து மணிக்குப் புகை தெரியும். ஆனால் நியூ ராம்னி கொட்டகையில் வேலை விடியற்காலையிலேயே ஆரம்பமாகிவிடும். முதல் நாள் சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். குழாய்களில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும். தண்ணீர் மட்டம் பார்த்து, விறகும் எண்ணெய்த் துணியும் வைத்து, மெல்ல மெல்ல நெருப்பை வளர்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஆகாது. ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் இரும்பு ஒழுங்காக விரியாமல் கொதிகலன் கெட்டுப் போகும். அதற்கிடையே அசையும் ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விட்டாக வேண்டும்.

நம் அடுப்பங்கரைக் குக்கரில் ஏறும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. அதற்கே 'உஸ்' என்று வெயிட் தூக்கினால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். பச்சையம்மனின் வயிற்றிலோ 180 பவுண்டு! பன்னிரண்டு குக்கருக்குச் சமமான கோபம். குக்கரில் தண்ணீர் வற்றினால் சாதம் தீயும். இங்கே வற்றினால் நெருப்புப் பெட்டியின் கூரையே அளவுக்கு மீறிச் சூடாகி விபரீதமாகும். ஆகவே ஓட்டுகிறவரின் ஒரு கண் எப்போதும் தண்ணீர்க் கண்ணாடிமேல் இருக்கும். சின்ன என்ஜின்தானே என்று கொதிநீர் ஒருவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஆனால் ஆரம்பத்தில் இது விளையாட்டுத்தான். அதுவும் பணக்கார விளையாட்டு.

லூயி ஸ்பரோவ்ஸ்கி என்று ஒரு பிரபு. கார்ப் பந்தயத்தில் மோகம் கொண்டவர். அவருடைய தகப்பனாரும் 1903-ல் கார்ப் பந்தயத்தில்தான் உயிரை விட்டார். ஸ்பரோவ்ஸ்கிக்கு ரயிலிலும் பித்து. அவரைப் போலவே பந்தயக்காரரும் பணக்காரருமான காப்டன் ஹௌவி என்ற சிநேகிதரோடு சேர்ந்து, பெரிய ரயில் செய்வதையெல்லாம் செய்யும் ஒரு சின்ன ரயில் வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டார். ஹென்றி க்ரீன்லி என்ற நிபுணர் வரைபடம் போட்டார். கோல்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலையில் இரண்டு என்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. என்ஜின்கள் தயாராகும் முன்பே, 1924 அக்டோபரில், இத்தாலியில் மான்ஸா பந்தயத்தில் ஸ்பரோவ்ஸ்கியின் கார் தறிகெட்டு மரத்தில் மோதியது. அப்போது அவருக்கு வயது 29.

ஓட்டப் பாதை இல்லாமல் இரண்டு என்ஜின்கள் நின்றன. ஹௌவி சிநேகிதரின் ஆசையைக் கைவிடவில்லை. இடம் தேடி, ராம்னி சதுப்பு நிலத்தைக் கண்டுபிடித்தார். 1926-ல், பாதை முடியும் முன்பே, பிற்காலத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன் வந்து என்ஜினில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 1927 ஜூலை 16 அன்று ரயில் பொதுஜனங்களுக்குத் திறந்தது. 2027-ல் அந்த நாள் வந்தால் நூறு வருஷம்.

விளையாட்டாகப் பிறந்த ரயிலை உலகம் விளையாட்டாக இருக்க விடவில்லை. 1940-ல் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. கடலுக்கு அப்பால் எதிரி நிற்கும் கரை அது. நம் 'ஹெர்க்குலி'ஸுக்கு இரும்புக் கவசம் பூட்டி, இரண்டு வண்டிகளில் துப்பாக்கிகளை ஏற்றி, கடலோரக் காவலுக்கு ஓட்டினார்கள். யுத்தம் முடிந்தபோது பாதை குற்றுயிராகக் கிடந்தது. அதைச் செப்பனிட்டு, 1947 மார்ச்சில் டஞ்சனஸ் வரை மறுபடி திறந்து வைத்தவர்கள் யார் தெரியுமா? சினிமாவில் நம்மைச் சிரிக்க வைத்த ஒல்லியும் குண்டுமான ஜோடி, லாரலும் ஹார்டியும்!

1963-ல் ஹௌவி காலமானார். கை மாறியது, கஷ்டம் வந்தது, மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. 1972-ல் வில்லியம் மக்ஆல்பைன் என்ற ரயில் அபிமானியும் கூட்டாளிகளும் முன்வந்து காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் நடந்தது. 1977-லிருந்து 2015 வரை, 38 வருஷம், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நியூ ராம்னிப் பள்ளிக்கூடத்துக்கு இந்த ரயிலில்தான் போய் வந்தார்கள். பிரபுக்களின் பொம்மை, பையும் புத்தகமுமாக ஏறும் பிள்ளைகளைச் சுமந்தது. மழை என்றும் பனி என்றும் அது லீவு போட முடியாது. பிள்ளைகளுக்கு முதல் மணி அடித்துவிடுமே!

பொம்மை என்று நினைப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாதை பல தெருக்களைக் கடந்து போகிறது. அங்கே வெகு காலம் எச்சரிக்கை விளக்குகள் மட்டுமே இருந்தன. வழியை மறிக்கும் கேட் கிடையாது. 2003-லும் 2005-லும் இப்படிப்பட்ட இடங்களில் கார்கள் குறுக்கே வந்து மோதி, இரண்டு என்ஜின் டிரைவர்கள் உயிரிழந்தார்கள். இரண்டாவதாக இறந்தவர் ஒரு பெண். பெரிய என்ஜினில் டிரைவர் உயரத்தில் நிற்பார், அவருக்கு முன்னால் மலை போல இரும்பு இருக்கும். இங்கே அவர் உட்கார்ந்திருப்பது கார்ச் சக்கரத்தின் உயரத்தில். அந்த இரண்டு சாவுகளுக்குப் பிறகு கடவைகளில் தடுப்புக் கம்பங்கள் போட்டார்கள். திருவிழா நாளில் கொடி கட்டிய என்ஜின் விசில் கொடுத்துக்கொண்டு கம்பத்தைத் தாண்டும்போது, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஓசை. ஓட்டுகிறவர்களுக்கு அது வேறு ஞாபகம்.

இன்னொரு கவலையும் உண்டு. கரி! நீராவி என்ஜின்களுக்குப் பேர்போன கரி வேல்ஸ் தேசத்தில் கிடைத்து வந்தது. அங்கே இருந்த ஃபோஸ்-இ-ஃப்ரான் என்ற பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் வேலையை நிறுத்திவிட்டது. 2024 செப்டம்பரில் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். புகையால் உலகம் சூடாகிறது என்பது தெரிந்த பிறகு அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திருவிழா என்ஜின்கள் எதைத் தின்னும்? கப்பலில் வரும் வெளிநாட்டுக் கரி விலையும் கூட, குணமும் வேறு. ஆலிவ் பழக் கொட்டையைக் கலந்து செய்த கரிக்கட்டிகளைச் சில சின்ன ரயில்களில் பரீட்சை பார்த்திருக்கிறார்கள். அடுப்பு அதேதான், விறகை மாற்றிப் பார்ப்போம் என்பது நல்ல குடித்தனக்காரர் செய்கிற யோசனைதான்.

பாதை முடியும் டஞ்சனஸில் ஒரு வேடிக்கை. அங்கே கூழாங்கல் வெளியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு பிரம்மாண்டமான அணு மின் நிலையங்கள் நிற்கின்றன. ஒன்று 2006-ல் ஓய்ந்தது. மற்றது 2018-க்குப் பிறகு மின்சாரம் தரவில்லை. 2021-ல் அதற்கும் மூடுவிழா. 1925-ல் பிறந்த பச்சையம்மன் அந்த மௌனக் கட்டடங்களைப் பார்த்து 'கூ' என்று கூவிக்கொண்டே வளைந்து திரும்புகிறாள்!

எப்படி அவள் மட்டும் பிழைத்தாள்? பதிலைத் தேடி வெகு தூரம் போக வேண்டாம். அதே ரயிலில் 'பக்', அதாவது பூச்சி, என்று ஒரு குட்டி என்ஜின். 1926-ல் ஜெர்மனியிலிருந்து வாங்கியது, பாதை போடும்போது உழைத்தது. பிறகு அதை அயர்லாந்துப் பக்கம் பெல்ஃபாஸ்டுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே கொஞ்ச காலம் ஓடி, உபயோகம் தீர்ந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. 1972-ல் தேடிக் கண்டுபிடித்து வாங்கி வந்து, பழுது பார்த்து, மறுபடி ஓட விட்டார்கள். ஓடின என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நின்ற என்ஜின் காயலான் கடைக்குப் போகிறது.

நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? பாட்டியின் வெண்கலப் பானையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பரணில் ஏற்றுகிறோம். பத்து வருஷம் கழித்து இறக்கினால் களிம்பு ஏறிக் கிடக்கிறது. பொங்கலுக்கு ஒரு நாளாவது அடுப்பில் ஏறும் பானையைப் பாருங்கள், வருஷத்துக்கு வருஷம் பளபளக்கிறது. அதைத் தேய்க்க வேண்டும், விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். இந்தத் தொந்தரவுதான் அதற்கு ஆயுசு. நீராவித் திருவிழாவும் அப்படித்தான். அது வேடிக்கைக்காக மட்டும் நடப்பதல்ல. சனி ஞாயிறுக்கு என்ஜின் வெளியே வந்தாக வேண்டும் என்றால், குளிர் காலம் பூராவும் யாரோ அதைக் கழற்றிப் பூட்டியாக வேண்டும். ஓர் இளைஞன் ஒரு கிழவரிடம் நெருப்பு மூட்டும் பக்குவத்தைக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

ஆகையால், அடுத்த நவராத்திரிக்குக் குழந்தை, "அம்மா, இதிலே ஏறிக்கட்டுமா?" என்று கேட்டால் அசடு என்று சொல்லாதீர்கள். "ஏறலாம், கண்ணா. ஆனால் ரயில் சின்னதாக இருந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை சின்னதில்லை" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பரண்மேல் இருக்கும் அந்தப் பானையையும் கொஞ்சம் இறக்குங்கள்!