ஏலம் போதும், குலுக்கல் வேண்டாம்

அறப்பணிக்கு நிதி திரட்டும் விருந்துகளில் இடம்பெறும் மௌன ஏலத்தை நாம் மனமார வரவேற்கிறோம். குலுக்கல் சீட்டு விற்பனையை அவ்வாறு வரவேற்க இயலவில்லை. சீட்டுக்குப் பணம் பெற்று, பரிசை அதிர்ஷ்டத்திடம் விட்டால் அது லாட்டரியே. 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வுரிமையை மாநில அரசுகளுக்கே அளித்துள்ளது. நோக்கம் நல்லது என்பதால் விலக்குக் கிடைத்துவிடாது.

மௌன ஏலத்தில் பொருளின் அருகே ஒரு தாள் இருக்கும். தொடக்க விலை, ஒவ்வொரு முறையும் உயர்த்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை, முடியும் நேரம் ஆகியவை அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். விருந்தினர் தம் விலையை எழுதிச் செல்வர்; கூட்டத்தில் குரல் எழுப்பக் கூசுபவரும் தயங்காமல் பங்கேற்பர். உணவு பரிமாறும் முன்பே ஏலத்தை முடித்துவிடுவது நன்று. உண்டபின் பாதி மண்டபம் காலியாகிவிடும் அல்லவா?

சந்தை மதிப்பையும் தாளில் குறிப்பிடுவதே நேர்மை. 10,000 ரூபாய் பெறும் ஓவியத்தை அதே விலைக்கு எடுத்தவர் பொருள் வாங்கியவர், கொடையாளர் அல்லர். அவருக்கு 80ஜி ரசீது வழங்குதல் முறையன்று. ஏலத்தொகையைக் காசோலையாகவோ யுபிஐ வழியாகவோ அறக்கட்டளையின் கணக்கிலேயே செலுத்தச் செய்யுங்கள். நள்ளிரவில் ரொக்கம் எண்ணும் வேலையும் மிச்சம்.