ஐந்து எழுத்தா, இருபது ஒலியா?

"ஆங்கிலத்தில் உயிரெழுத்து எத்தனை?" என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் "ஏ, ஈ, ஐ, ஓ, யூ" என்று ஐந்து விரலை நீட்டும். பட்டம் வாங்கியவரைக் கேட்டாலும் அதே ஐந்துதான்! கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஐந்து என்பது எழுத்தின் கணக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் உயிர் ஒலிகளை இருபது என்று பிரித்துக் காட்டுவதே பாடநூல்களின் வழக்கம்.

ஃபூட், குட், பிளட். மூன்று சொல்லுக்கும் நடுவில் இருப்பது இரட்டை 'ஓ'தான். ஒலியோ மூன்று! இதை எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்த விதியும் கைகொடுக்காது. அகராதியைத் திறந்தால் சொல்லுக்குப் பக்கத்திலேயே, இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் விடை இருக்கிறது. ஃபூட் என்பதில் முக்காற்புள்ளி போல இரு புள்ளி, அது நெடில். குட் என்பதில் புள்ளி இல்லை, குறில். பிளட் என்பதில் கவிழ்த்துப் போட்ட 'வி'. அது வேறு ஒலி. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வரியைத்தான் நமது பள்ளிகள் தாண்டிப் போகின்றன. அகராதி என்றால் பொருள் பார்க்க மட்டும் என்று பழக்கிவிட்டார்கள். உச்சரிப்புக்கென்றே டேனியல் ஜோன்ஸ் தனி அகராதி வெளியிட்டது 1917-இல். நூறு ஆண்டு கடந்தும் அந்தக் குறிகளைப் பரீட்சைக்கு வராத பகுதியாகவே வைத்திருப்பது என்ன நியாயம்?

"தமிழிலேயே எழுதிப் படித்தால் போதாதா?" என்பார்கள். தொப்பிக்கும் 'ஹேட்', வெறுப்புக்கும் 'ஹேட்' என்று எழுதி வைத்த மாணவன் எதை எப்படிச் சொல்வான்? "செல்பேசியில் தொட்டால் அதுவே சொல்கிறதே" என்பது இன்னொரு வாதம். கேட்பது நல்லதுதான். ஆனால் பழகாத ஒலியைக் காது தனக்குத் தெரிந்த ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். பனானா என்ற சொல்லில் 'ஏ' எழுத்து மூன்று முறை வருகிறது. நடுவில் இருப்பது மட்டுமே 'ஆ'. முதலும் கடைசியும் அழுத்தமில்லாத மங்கிய ஒலி. அகராதி அதைத் தலைகீழாகத் திருப்பிய 'ஈ' எழுத்தால் காட்டுகிறது. கண் பார்த்துச் சொன்ன பிறகுதான் காதுக்கு அது பிடிபடும்.

தமிழ் மாணவனுக்கு இது புதிதா என்ன? 'பசு' என்பதிலும் 'சு', 'காசு' என்பதிலும் 'சு'. முன்னதில் உகரம் ஒரு மாத்திரை, பின்னதில் அரை மாத்திரை. குற்றியலுகரத்தை மனப்பாடம் செய்தவனிடம், "ஆங்கிலத்திலும் உயிர் குறுகும், அகராதி அதற்குக் குறி போட்டிருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புரிந்துகொள்வான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் ஆளில்லை!

வெள்ளைக்காரனைப் போலப் பேச வேண்டும் என்பதல்ல வாதம். கான்வென்ட்டில் படித்தவனுக்கு உச்சரிப்பு காதுவழி வந்துவிடுகிறது. கிராமத்துப் பள்ளியில் படித்தவன் நேர்முகத் தேர்வில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லி, எதிரில் இருப்பவர் சிரிக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறான். அந்த இடைவெளியை நிரப்பும் புத்தகம் பள்ளி நூலக அலமாரியில்தான் கிடக்கிறது. அதன் முன்பக்கங்களில் உள்ள குறிப் பட்டியலைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். அதைக்கூடச் செய்யாமல், "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று மாணவனைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.