ஒப்புக்குச் சப்பாணி

நம் காலத்துத் தெரு விளையாட்டில் ஒரு பதவி உண்டு. ஒப்புக்குச் சப்பாணி. சிலர் உப்புக்குச் சப்பாணி என்பார்கள். அடம்பிடித்து அழும் சின்னத் தம்பியையோ, சரியாக ஓட வராத பக்கத்து வீட்டுப் பையனையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவன் ஓடலாம், கத்தலாம். அவனைத் தொட்டால் அவுட் கிடையாது. அவன் தொட்டாலும் யாரும் அவுட் இல்லை. நல்ல மனதோடுதான் செய்தோம். ஆனால் அர்த்தம் என்ன? நீ இருக்கிறாய், கணக்கில் இல்லை.

சின்னத் தம்பி இரண்டு வருஷத்தில் வளர்ந்து கணக்கில் வந்துவிடுவான். அறிவு வளர்ச்சியில் குறையோடு பிறந்த பிள்ளைகள் மட்டும் நாற்பது வயதிலும் சப்பாணியாகவே நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் கன்னத்தைத் தட்டுவோம், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்போம். பதிலுக்குக் காத்திருக்க மாட்டோம். ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றுத்திறனாளி என்று மாற்றினோம், நல்லது. உட்கார வைக்கும் இடத்தை மாற்றினோமா?

போன வருஷம் நியூஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அங்கே ஊர்ப் பூங்காவில் ஃபிளாக் ஃபுட்பால் பார்த்தேன். அமெரிக்கக் கால்பந்தில் முட்டி மோதி ஆளைக் கீழே தள்ளுவார்கள் அல்லவா? இதில் அது கிடையாது. ஒவ்வொருவர் இடுப்பு பெல்ட்டிலும் துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் பட்டையை உருவிவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். நம் சடுகுடுக்காரர்களுக்கு ஐந்தே நிமிஷத்தில் புரிந்துவிடும். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இதைச் சேர்த்திருக்கிறது. கிரிக்கெட்டும் சேர்ந்த சந்தோஷத்தில் நாம் இதைக் கவனிக்கவில்லை.

நான் பார்த்தது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்காரர்களின் 'யூனிஃபைடு' முறை. ஒரு அணியில் களத்தில் ஐந்து பேர். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் மூன்று பேர், இல்லாதவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்குப் 'பார்ட்னர்' என்று பெயர். உதவியாளர் அல்ல, தொண்டர் அல்ல, பார்ட்னர். அவர்கள் மட்டுமே பந்தை வைத்துக்கொண்டு ஆடக் கூடாது என்பது இந்த முறையின் அடிப்படை.

இந்த ஆட்டம் இதற்கு ஏன் பொருந்துகிறது என்று யோசித்தேன். சில விநாடிகளுக்கு ஒரு முறை ஆட்டம் நிற்கிறது. மூச்சு வாங்க நேரம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐவரும் கூடி நின்று யார் எங்கே ஓடுவது என்று பேசிக்கொள்கிறார்கள். பந்து கைக்கு வராதவர் ஓடினாலும் எதிரணியில் ஒருவரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார். ஆக, அவருடைய ஓட்டத்துக்கும் வேலை உண்டு. பட்டை உருவப்பட்டதா இல்லையா என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். யாரும் பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க முடியாது. அவர்கள் தோற்கிறார்கள், கோபப்படுகிறார்கள், அடுத்த வாரம் மறுபடி வருகிறார்கள். தோற்கும் உரிமைதான் அங்கே நான் கண்ட மரியாதை.

"இது அமெரிக்கப் பணக்கார வேலை" என்று நண்பர் ஒருவர் சொன்னார். இதன் தொடக்கம் ஒரு வீட்டுத் தோட்டம். கென்னடியின் தங்கை யூனிஸ் ஷ்ரைவர், 1962ல் மேரிலாந்தில் தம் வீட்டிலேயே இத்தகைய குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் இதே குறை. 1968ல் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் நம் நாட்டிலும் இயங்குகிறது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் விளையாட்டுக்கென்றே 30ஆம் பிரிவு இருக்கிறது. இல்லாதது மைதானத்துக்கு வரும் பார்ட்னர்கள்தான்.

தனியாகப் போட்டி வைத்தால் போதாதா என்றும் கேட்கலாம். அதுவும் வேண்டும். ஆனால் அதில் கிடைப்பது பதக்கம். இதில் கிடைப்பது பழக்கம். அதன் மதிப்பு நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

என் மனைவியின் அக்கா மகனுக்கு 38 வயது. அப்பா அம்மாவைத் தவிர அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வெளியில் ஆள் இல்லை. அக்காவுக்கு இப்போது 72. அவர் தினமும் கேட்பது ஒரே கேள்வி: "எங்களுக்கப்புறம் யாரு?" பணம், சொத்து, காப்பாளர் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். அவனுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், கோபம் வந்தால் எப்படிச் சமாதானம் செய்வது என்பது எந்த உயிலிலும் வராது. வாரா வாரம் கூட ஆடிய நாலு பேருக்குத்தான் தெரியும்.

ஃபிளாக் ஃபுட்பால்தான் வேண்டும் என்பதில்லை. ரிங் டென்னிஸ் போதும், எறிபந்து போதும். நம் குடியிருப்போர் சங்கங்களில் மைதானம் இருக்கிறது. விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வருகிறார்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, இந்தக் குடும்பங்களின் கதவைத் தட்டி, "தம்பியை ஆட அனுப்புங்கள், எங்கள் அணியில் ஒரு ஆள் குறைகிறது" என்று சொல்லுங்கள். பாவம் என்று சொல்லி அழைக்காதீர்கள். பாயிண்ட் எண்ணுகிற ஆட்டமாக இருக்கட்டும். மற்றதை அந்த ஆட்டமே பார்த்துக்கொள்ளும்.