பிடி கைக்கா, கண்ணுக்கா?

கைத்துப்பாக்கியின் பழைய பிடியை வீட்டிலேயே கழற்றிவிட்டு, வேலைப்பாடு மிக்க வேறொன்றைப் பொருத்திக்கொள்வது அழகுணர்ச்சியின் அடையாளம் என்றும், படைக்கலத்தை அணிசெய்து போற்றிய சங்க மரபின் தொடர்ச்சி என்றும் வாதிடுவோர் உளர். அவர்கள் சான்றுக்கு அழைப்பது புறநானூற்றின் 95ஆம் பாடலை. ஔவையாரை இவ்வளவு தலைகீழாகவும் படிக்க இயலுமா என்று முதலில் வியந்தோம். அவ்வியப்பு சினமாக மாறியதால் இதை எழுத நேர்கிறது.

செயல் என்னவோ எளியதுதான். ரிவால்வரின் பிடி பெரும்பாலும் இரும்புச் சட்டத்தின் இருபுறமும் பொருந்தும் இரண்டு தகடுகளே. அவற்றை ஒரு திருகாணி பிணைத்து நிற்கும். மரமானாலும் ரப்பரானாலும், பிடி மாறுவதால் குண்டின் விசை மாறுவதில்லை. மாறுவது கையும் கருவியும் சந்திக்கும் இடம் ஒன்றே. ஆகவே கேட்க வேண்டிய வினாவும் ஒன்றே: அந்த மாற்றம் கைக்காகவா, கண்ணுக்காகவா?

கைக்காக என்றால் நமக்கு வழக்கில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து ஒன்றுமாக இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். அவ்விளையாட்டில் பிடி என்பது உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு இசையச் செதுக்கப்பட்ட மரம். வீரர்கள் உறுத்தும் இடத்தை அரத்தால் தேய்த்தும், குறையும் இடத்தைப் பசையால் நிரப்பியும் அதைத் தம் கைக்குரியதாக்கிக் கொள்கின்றனர். பிடி மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கலாகாது என்று விதியும் உண்டு. கிரிவலப் பாதையில் உள்ள எங்கள் அடி அண்ணாமலையில், அறுவடைக்கு முன் கதிரறிவாளுக்குப் புதுப்பிடி போடும் உழவர் செய்வதும் இதுவே. வேலங்கட்டையைச் சீவி, இரும்பின் வாலை அதில் இறக்கி, பூண் மாட்டி, இரண்டு முறை வீசிப் பார்த்து, மீண்டும் சீவுவார். அவருடைய கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. உள்ளங்கைதான் நடுவர்.

கண்ணுக்காக என்பது வேறு கதை. 2014ஆம் ஆண்டு சனவரியில் கான்பூர்ப் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வரை வெளியிட்டது. 2012இல் தில்லியில் வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய ‘நிர்பயா’ என்ற பெயரின் எதிரொலி அது. எடை சுமார் 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். மரப்பிடியின் கவர்ச்சியும், நகைப்பெட்டி போன்ற பேழையும் சிறப்பம்சங்களாக எடுத்துரைக்கப்பட்டன. ஒரு பெண்ணின் சாவை நினைவூட்டும் பெயர், அதற்கு நகைப்பெட்டி, கண்ணைக் கவரும் பிடி! அச்சத்தை அணிகலனாக்கி விற்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? தந்தப்பிடிக்கு ஏங்குவோரும் இக்கூட்டத்தினரே. 1986, 1991ஆம் ஆண்டுத் திருத்தங்களால் நம் நாட்டில் தந்த வணிகம் முற்றும் தடையானது. அத்தடை வரும்வரை ஒருவர் கைப்பிடியின் பளபளப்புக்கு விலையாக ஒரு யானை வீழ்ந்தது.

இனி, அவர்கள் அழைத்த சான்றையே விசாரிப்போம். அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான்; அப்போது பாடியது இப்பாடல் என்கிறது பழங்குறிப்பு. துறை வாண்மங்கலம். அந்தத் துறைப்பெயரைப் பற்றிக்கொண்டுதான் இவர்கள் வாதாடுகின்றனர். பாடல் சொல்வதென்ன? இங்குள்ள கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் இருக்கின்றன. அங்குள்ளவையோ நுனி சிதைந்து, எந்நேரமும் கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழித்தல் என்று பள்ளி மாணவனும் அறிந்த அணி இது. நன்கு திருத்திய காம்பு அங்கே பெருமையன்று, பயன்படாமையின் அடையாளம். அழகிய பிடிக்கு ஔவையாரைச் சான்று கூறுவது, தன்னை எள்ளியவரிடமே நற்சான்றிதழ் கேட்பதற்கு ஒப்பாகும்.

‘அப்படியாயின் துப்பாக்கி பலரைச் சுட்டுத் தேய்ந்தால்தான் சிறப்போ?’ என்று மடக்குவர். மடக்கட்டும். பாடல் முடியும் இடத்தை அவர்கள் மறைப்பதனால்தான் அக்கேள்வி எழுகிறது. முறிந்த வேல்களைச் சொன்ன ஔவையார் அங்கே நிற்கவில்லை. உணவு இருந்தால் பிறர்க்குக் கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைப் பிறரோடு பகிர்ந்து உண்பவன், வறியோர் சுற்றத்தின் தலைவன் என்று சோற்றில் கொண்டுவந்து முடிக்கிறார். அதியனின் படை எவர்க்காக நின்றது என்பதே பாடலின் முடிபு. மேடைகளில் வேல் முறிவதோடு கைதட்டு வாங்கி இறங்கிவிடுவோர் இவ்வடிகளை வாய்விட்டுச் சொல்வதில்லை. திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு அதியன் பெயரால் பேசுவதும் போரையன்று. அவன் தானமாக ஈந்த பாளியை, அதாவது ஓர் இருப்பிடத்தை. பாட்டும் கல்லும் ஒருசேர அவனது கொடையைப் பாட, நாம் கருவியின் காம்பைப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் இருக்கும் கைத்துப்பாக்கிக்கு உழைத்துத் தேய்ந்த பெருமை வாய்க்காது, வாய்க்கவும் வேண்டா. உரிமம் பெற்றவர் அதை எவர் கண்ணிலும் படாமல் பூட்டி வைப்பதே முறை. அலங்காரப் பிடி அதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. எடுத்துக் காட்டு என்கிறது. விருந்தினர்க்குக் காட்டப்படும் துப்பாக்கியை அவ்வீட்டுப் பிள்ளையும் பார்க்கிறது. பொம்மைக்கும் கொலைக்கருவிக்கும் இடையே அப்பிள்ளை அறிந்திருந்த ஒரே வேறுபாடு அதன் அச்சுறுத்தும் தோற்றம். அதையும் பூவேலை செய்து மறைத்துவிடுகிறோம்.

தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. வீரம் என்றால் கருவி என்று வகுப்பறையில் சொல்லி, கருவியின் பின்னிருந்த சோற்றுப் பானையைத் தேர்வுக்கு வாராத பகுதியென ஒதுக்கினோமாயின், நம் மாணவர் வேறெதைக் கற்பர்? 95ஆம் பாடலை இறுதி அடிவரை நடத்துவோம். அதன்பின்னும் துப்பாக்கிக்குப் பூப்பிடி மாட்ட விழைவோர் மாட்டிக்கொள்ளட்டும்; ஔவையாரை மட்டும் சாட்சிக்கு இழுக்க வேண்டா.