ஆட்டிடியூட் சரியில்லையாம்!

போன ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். கல்யாணம் இல்லை. திருவண்ணாமலை வெயிலில் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு ஒரு அண்ணன் மேடையேறி, "உங்கள்ல எத்தனை பேருக்கு கார் வேணும்?" என்று கேட்டார். மண்டபமே கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். (யாருக்குத்தாங்க வேண்டாம்?)

கூட்டிக்கொண்டு போனது என் வகுப்புத் தோழன். செங்கம் பக்கத்துக் கிராமம். சத்துமாவு டப்பா, பற்பசை, சோப்பு என்று ஒரு 'பேக்கேஜ்' 8,500 ரூபாய்க்கு வாங்கி நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அம்மாவின் கம்மல். கம்பெனி பேர் வேண்டாம். எல்லா கம்பெனியிலும் அதே பேச்சுதான்.

அந்த அண்ணன் ரெண்டரை மணி நேரம் பேசியதில் சரக்கைப் பற்றி அஞ்சு நிமிஷம்கூட இல்லை. மிச்சமெல்லாம் ஆட்டிடியூட். ஜெயிச்சவனுக்கு ஆட்டிடியூட் இருந்தது, தோத்தவனுக்கு இல்லை, அவ்வளவுதானாம். கேள்வி கேட்கிற நண்பன் நெகட்டிவ் ஆள், அவனை விட்டுத் தள்ளி நில். வீட்டில் திட்டினால் அது பொறாமை. பெத்த அம்மாவுக்கு என்னய்யா பொறாமை?

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது கணக்குதான், அதனால் கணக்கையே போட்டுவிடுகிறேன்.

"நீ ஆறு பேரைச் சேர், அவங்க ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கட்டும்" என்றார் அல்லவா? 6, 36, 216, 1,296, 7,776, 46,656. ஏழாவது வரிசைக்கு மட்டும் 2,79,936 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை நகரத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1.45 லட்சம்தான், தொட்டில் குழந்தையையும் சேர்த்து. கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டத்தை மடக்கிச் சேர்த்தால் ஒருவேளை சமாளிக்கலாம் :-) பத்தாவது வரிசை முடியும்போது, மேலே இருக்கிற ஒருவரையும் சேர்த்து மொத்தம் சுமார் 7.26 கோடிப் பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7.21 கோடி.

இன்னொன்று இதைவிட முக்கியம். இந்தக் கோபுரத்தை நீங்கள் எந்த வரிசையில் நிறுத்தினாலும், அப்போது கடைசி வரிசையில் நிற்பவர்கள் மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு. அதாவது 83 சதவீதம் பேருக்குக் கீழே ஆளே கிடையாது. அந்த 83 பேரும் தினம் காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து கண்ணாடி முன்னால் நின்று "நான் ஜெயிப்பேன்" என்று சொன்னாலும் அவர்கள் 83 பேர்தான். ஒருத்தன் மேலே ஏறவேண்டுமானால் அவனுக்குக் கீழே புதிதாக ஆள் வந்து நிற்கவேண்டும். இதில் ஆட்டிடியூட் எங்கே வருகிறது?

உடனே "விற்பனைக்குத் தன்னம்பிக்கை வேண்டாமா?" என்பீர்கள். கண்டிப்பாக வேண்டும். வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூட முனகுகிற என் தோழன் இப்போது மைக் பிடித்துப் பேசுகிறான். அதை நான் மறுக்கவில்லை, கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் தேரடி வீதியில் கடை வைத்திருப்பவர், சோப்பு வாங்க வந்தவரை "நீங்களும் கடை போடுங்க, அப்பதான் எனக்கு லாபம்" என்று சொல்வதில்லையே. சோப்பு நல்ல சோப்பு என்றால் அவருக்கு அது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், 1978. ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் கிடைக்கும் என்று நடத்துகிற திட்டம் குற்றம். நடத்துவது மட்டுமில்லை, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும் 3-வது பிரிவின்படி தடை. கீழே ரெண்டு பேரைச் சேர்த்துவிட்ட நம்ம பையனும் மாட்டலாம் என்று அர்த்தம். இதை மேடையில் யாரும் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டத்தைத் தெளிவாகத் தடை செய்கின்றன. சேர்வதற்குக் கட்டணம் கேட்கக்கூடாது. அதனால்தான் அது இப்போது 'பேக்கேஜ்' ஆகிவிட்டது!

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய் சொத்துகளை அமலாக்கத்துறை தற்காலிகமாக முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் தொழிற்சாலையும் அதில் அடக்கம். சரக்கின் விலை வெளிச் சந்தையில் கிடைக்கும் மாற்றுகளைவிட மிக அதிகம், உண்மையான குறி ஆள் சேர்ப்பதுதான் என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு. அதற்கு முன்பே, 2008-ல், தங்க நாணயம் விற்ற குவெஸ்ட்நெட் மீது சென்னை போலீஸ் நடவடிக்கை எடுத்தது.

என்னை நிஜமாகவே பயமுறுத்தியது 2024 ஜனவரியில் கோவையில் நடந்தது. விளம்பரம் பார்த்தால் காசு என்று ஆள் சேர்த்த மைவி3 ஆட்ஸ் மீது வழக்குப் பதிவானதும், நீலம்பூரில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. பணத்தைத் திருப்பிக் கேட்டு இல்லை. கம்பெனிக்கு ஆதரவாக! மேடையில் சொல்லித்தருகிற ஆட்டிடியூட் கடைசியில் கொண்டுபோய் விடுகிற இடம் இதுதான். போட்ட பணத்தைப் பற்றி ஒருத்தன் கேள்வி கேட்டால் அவனை எதிரியாகப் பார்க்கப் பழக்கிவிடுகிறார்கள்.

மண்டபத்திலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனுடைய வரவு செலவை ஒரு காகிதத்தில் எழுதினோம். வரவு: கமிஷன் 1,150. செலவு: பேக்கேஜ் 8,500, சென்னை செமினாருக்கு டிக்கெட்டும் பஸ்ஸும் 1,400, புது ஷூ 900. நிகர நஷ்டம் 9,650. கம்மலுக்கு வட்டி தனி, அதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"இதெல்லாம் இன்வெஸ்ட்மெண்ட் மச்சான்" என்றான். எந்தச் சொத்துடா உன்கிட்ட இருக்கு, மூலதனச் செலவுன்னு எழுதறதுக்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான். "கம்பெனி மேல தப்பு இல்லடா. என் ஆட்டிடியூட்தான் இன்னும் சரியா வரல."

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நாலு மாசமாக நாயாக அலைந்த ஒருத்தனை, குறை உன்னிடம்தான் என்று நம்பவைத்து அனுப்பியிருக்கிறார்களே. பரீட்சையில் எல்லோரும் ஃபெயில் ஆனால் கேள்வித்தாளைத்தான் சந்தேகப்படுவோம். இங்கே மட்டும் ஒவ்வொருத்தனும் தனித்தனியாகத் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொள்கிறான்.

அவனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பெயர் அவன் அத்தை, அடுத்து ரெண்டு மாமா, பள்ளிக்கூட வாத்தியார். நான் ஏழாவது. எனக்கு எதிரே பென்சிலில் 'நெகட்டிவ்' என்று எழுதியிருந்தது.

சத்துமாவு டப்பா இன்னும் நாலு அவன் ரூம் அலமாரியில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அடக்க விலைக்கே தரச் சொல்கிறேன். எக்ஸ்பைரி நவம்பர்.