"விசா கிடைக்கல பாய்!" - அத்தோடு முடிந்துவிட்டதா?



முல்லா வீதிப் பக்கம் அஸர் தொழுதுவிட்டு டீக்கடையில் நின்றால், மாதத்தில் இரண்டு முறையாவது இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "விசா கிடைக்கல பாய்!" பாரீஸில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக ஆசைப்பட்ட தாய். கண்காட்சிக்கு அழைப்பு வந்த ஜவுளி வியாபாரி. மேல்படிப்புக்கு இடம் கிடைத்த பையன். கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. அதில் வரிசையாகக் காரணங்கள், ஒன்றிரண்டு கட்டங்களில் மட்டும் குறி. அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நஸீப் இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

நஸீப் மீது பழி போடுவதற்கு முன் அந்தத் தாளைப் படித்தீர்களா?

நம் ஊருக்கும் பிரான்ஸுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. புதுவையிலும் காரைக்காலிலும் இருந்து நம் பாட்டன்மார் கப்பலேறி சைகோன் போய்க் கடை வைத்தார்கள். அங்கும் பிரெஞ்சுக் கொடி, இங்கும் பிரெஞ்சுக் கொடி. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் சைகோனில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அந்த நகரின் நடுவே நிற்கிறது. 1954 நவம்பர் 1ல் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்ட் 16ல் இணைப்பு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. எழுதிக் கொடுத்த அண்ணனின் பேரன் இன்று டிக்கெட் எடுத்து நேராக விமானம் ஏறுகிறான். எழுதிக் கொடுக்காத தம்பியின் பேரன் கைரேகை வைத்து, வங்கிக் கணக்கைக் காட்டி, வாசலில் காத்து நிற்கிறான். ஒரே குடும்பம்! ஒரு கையெழுத்துதான் வித்தியாசம்!

2024ல் மட்டும் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்த இந்தியர்கள் 11 லட்சத்துக்கும் மேல். மறுக்கப்பட்டவை ஏறத்தாழ 1 லட்சத்து 65 ஆயிரம். கட்டணம் அந்த ஆண்டு ஜூன் மாதம் 80 யூரோவிலிருந்து 90 யூரோ ஆக்கப்பட்டது. விசா மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பி வராது. விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் தனியார் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி.

"தாடியைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், மறுத்துவிட்டான்" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அரசியல் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2021 செப்டம்பரில் பிரான்ஸ் அரசு மொராக்கோ, அல்ஜீரியா நாட்டவருக்கான விசாக்களைப் பாதியாகவும், துனீசியாவுக்கு 30 சதவீதமும் குறைப்பதாகப் பகிரங்கமாகவே அறிவித்தது. அந்த நாடுகளின் சாதாரண மக்கள் பல மாதங்கள் அவதிப்பட்டார்கள். ஆனால் இங்கே மறுக்கப்பட்ட 1 லட்சத்து 65 ஆயிரம் பேரில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பெயரைக் காரணம் காட்டுவது, நம் காகிதத்தில் உள்ள ஓட்டையைப் பார்க்காமல் இருக்க நாமே தேடிக்கொள்ளும் வசதி!

அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. பிரேசில்காரர்களுக்கு அமெரிக்க விசா எளிதாகக் கிடைப்பதில்லை. நேர்காணலுக்கே ஓராண்டுக்கு மேல் காத்திருந்த காலமும் உண்டு. அந்நாடு என்ன செய்தது? அமெரிக்கா கைரேகை கேட்டபோது, 2004ல் அமெரிக்கர்களிடம் பிரேசிலும் கைரேகை கேட்டது. 2019ல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டவருக்கு விசா தேவையில்லை என்று தளர்த்தியது. அவர்கள் பதிலுக்குத் தளர்த்தாததால் 2025 ஏப்ரல் 10 முதல் மீண்டும் விசா கேட்கிறது. நம் கடற்கரைச் சாலையில் உலவும் பிரெஞ்சுப் பயணியோ வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் இந்திய விசா எடுத்து வருகிறார். நம் எம்.பி.க்கள் என்றைக்காவது வாய் திறப்பார்களா?

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடைகளில் ரொக்கம் புரள்கிறது, காகிதம் இல்லை. வருமான வரிக் கணக்கு பெயரளவில். கடை வாப்பா பெயரில். விண்ணப்பிக்கும் வாரத்தில் மட்டும் கணக்கில் ஐந்து லட்சம் வந்து விழுகிறது! அதிகாரி நம்புவாரா? குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். அதைவிடக் கொடுமை, போலி வங்கிச் சான்றும் பொய் ஹோட்டல் பதிவும் செய்து தரும் ஏஜெண்டுகள். போலிக் காகிதம் மறுப்புக்கு நேரடிக் காரணம். அந்த விவரம் ஐந்தாண்டுகள் ஐரோப்பியக் கணினியில் கிடக்கும். ஏஜெண்ட் அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போய்விடுவார்.

நேர்மையாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகையும் வந்திருக்கிறது. மூன்றாண்டுகளுக்குள் இரண்டு விசா பெற்று ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியருக்கு, இரண்டாண்டுக்குப் பலமுறை போய்வரும் விசாவும், அதன் பிறகு ஐந்தாண்டு விசாவும் தரலாம். எத்தனை வியாபாரிகளுக்கு இது தெரியும்?

இனி அந்தத் தாளுக்கு வருவோம். ஷெங்கன் விசாச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, மறுப்புக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. பிரான்ஸைப் பொறுத்தவரை, மறுப்பு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் நாந்த் நகரில் உள்ள அதிகாரிக்கு முறையிட வேண்டும். குறுகிய காலப் பயணம் என்றால் உள்துறை அமைச்சகத்தின் விசாத் துறைக்கு. நீண்ட காலம் என்றால் அதற்கென உள்ள முறையீட்டு ஆணையத்துக்கு. இரண்டு மாதம் பதில் வராவிட்டால் அதுவும் மறுப்பே. அதன் பிறகு நாந்த் நிர்வாக நீதிமன்றம் இருக்கிறது.

பிரெஞ்சுக் குடிமகனை மணந்த நம் பெண்களின் நிலை இன்னும் வலுவானது. மோசடி, திருமண ரத்து, பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல் ஆகியவை தவிர வேறு காரணம் சொல்லி அவர்களுக்கு நீண்ட கால விசாவை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு, திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஜமாஅத் நிக்காஹ் தஃப்தர் மட்டும் போதாது. நிச்சயதார்த்தத்தன்றே இதைப் பேசும் குடும்பங்கள் எத்தனை?

முறையீட்டைப் பிரெஞ்சில்தான் எழுத வேண்டும். அதற்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுத ஆள் இல்லாத ஊரா இது? ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் வாரத்தில் ஒரு மாலை, இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம், இவர்களில் ஒருவரையும் சட்டம் படித்த ஓர் இளைஞரையும் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார வைக்கட்டும். மறுப்புத் தாள் பையில் உள்ளவர்கள் இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். முப்பது நாள் முடியவில்லை என்றால், இன்ஷா அல்லாஹ், இந்த ஜும்ஆவிலேயே தொடங்கலாம்.